வெட்ட வேண்டிய கட்டியும் வெட்டக் கூடாத கட்டியும்

எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்குப் பதினோரு வயது. போன மழைக்காலத்தில் அதன் மேல் இமை ஓரத்தில் மிளகளவில் ஏதோ கருப்பாகத் தெரிந்தது. உண்ணி என்று நினைத்து அம்மா கிள்ளி எடுக்கப் போக, வீலென்று கத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தால் கால் எதுவும் இல்லை. இமைச் சதையிலிருந்தே முளைத்திருந்தது. அதே மாதம் தம்பி வீட்டு ஆறு மாத பீகிள் குட்டிக்கு, மூக்கை ஒட்டிய கண்மூலையில் இலந்தைப்பழம் போலச் சிவந்த சதை பிதுங்கி நின்றது. இரண்டையும் ‘கண்ணுல கட்டி’ என்றுதான் சொன்னோம். இரண்டுக்கும் வைத்தியமோ நேரெதிர்.

கிழநாய்க்கு வந்தது மெய்போமியன் சுரப்பிக் கட்டி. இமை விளிம்பு நெடுக வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு; கண்ணீர் சட்டென்று உலராமல் காப்பது அந்த எண்ணெய்தான். வயதான காலத்தில் அவற்றில் ஒன்று பெருத்துக் கட்டியாகிறது. நாய்களின் இமைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. (பூனைக்கு இந்த ஆறுதல் இல்லை. அதன் இமையில் கட்டி கண்டால் தள்ளிப்போடவே கூடாது.) ஆனாலும் கட்டி உட்பக்கம் திரும்பியிருந்தால், இமைக்கும் ஒவ்வொரு முறையும் கருவிழியை உரசிப் புண்ணாக்கும். இமை நீளத்தில் கால் பங்குக்குள் இருக்கும்போதே ஆப்பு வடிவில் வெட்டியெடுத்து விளிம்பைச் சேர்த்துத் தைத்துவிடலாம். பெருக்க விட்டால் பக்கத்துத் தோலை இழுத்து இமையையே புதிதாகக் கட்ட வேண்டிவரும்.

குட்டியின் சிவப்புச் சதை கட்டியே அல்ல. நாய்க்கு மூன்றாவதாக ஓர் இமை, கண்ணின் உள்மூலையில் மடங்கிக் கிடக்கிறது. அதன் அடியில் ஒரு கண்ணீர்ச் சுரப்பி. அதைப் பிடித்துவைத்திருக்கும் நார்கள் தளர்ந்தால் சுரப்பி மேலே எழும்பி வீங்கிச் சிவக்கிறது. ‘செர்ரி ஐ’ என்பது இதைத்தான். பீகிள், புல்டாக், காக்கர் ஸ்பேனியல், ஷிட்சூ போன்ற இனங்களில், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வரும். ஒரு கண்ணில் வந்தால் மறு கண்ணிலும் வரக்கூடும்.

கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தருவது இந்தச் சுரப்பி. இது தெரியாத காலத்தில் அதை நறுக்கி எறிந்தார்கள். சில நிமிட வேலை, கண்ணும் உடனே பார்க்க அழகாகிவிடும். விலை பின்னால் வரும். எங்கள் தெருவில் ஒரு காக்கர் ஸ்பேனியலுக்கு அப்படித்தான் நறுக்கினார்கள். நான்கைந்து வருடம் கழித்து அதன் கண்ணில் பசைபோல மஞ்சள் பீளை கட்டத் தொடங்கியது. காலையில் வெந்நீர்ப் பஞ்சால் ஒற்றினால்தான் இமையே பிரியும். கருவிழி மீது பழுப்புத் திரை. கண்ணீரை அளக்க, கீழ் இமைக்குள் ஒரு தாள்பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு நனைந்தால் நல்லது. அதற்கு நனைந்தது 4. ஆயுள் முழுக்க சைக்ளோஸ்போரின் மருந்து போட்டாக வேண்டும். அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தச் சுரப்பியை உள்ளே வைத்துத் தைத்திருக்கலாமே.

இன்றைய முறை அதுதான்: மூன்றாவது இமையின் உட்புறத்தில் சிறு பை போலப் பிளந்து, சுரப்பியை அதற்குள் தள்ளித் தைப்பது. சில நேரம் தையல் விட்டு மறுபடி வெளியே வரும். அப்போதும் திரும்பத் தைப்பதுதான் சரி. ஆகவே மருத்துவர் ‘எடுத்துடலாம்’ என்றால், எதை எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். இமை விளிம்பில் முளைத்ததையா, உள்மூலையில் எழும்பியதையா?

எந்தக் கட்டியானாலும் வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை ஊற்றக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், புண் ஆழமாகிக் கண்ணே போய்விடலாம். மருத்துவர் மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்ப்பார். புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். மருந்து அதற்குப் பிறகுதான்.

பொமரேனியனின் இமையில் இப்போது தையல் தடம்கூடத் தெரியவில்லை. பீகிள் இரண்டு வாரம் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிக்கொண்டு கதவு நிலையெல்லாம் முட்டித் திரிந்தது. போன வாரம் அதன் தாள்பட்டை 19 காட்டியது.