கோண்தா தின்னர்? – பெயிண்ட் டப்பாவுக்குள் நூறு வருஷ வரலாறு

கோந்த்வாவில் எந்த ஹார்டுவேர் கடைக்குப் போய்த் தின்னர் கேட்டாலும், கடைக்காரர் முதலில் திருப்பிக் கேட்பது "கோண்தா தின்னர்?" மராத்தியில் "எந்தத் தின்னர்?" என்று அர்த்தம். நம்மாட்களில் முக்கால்வாசிப் பேர் "பெயிண்ட்டுல கலக்குறதுதான்" என்று அரைகுறை ஹிந்தியில் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வரைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் ஆசையாக ஒட்டி முடித்த பிளாஸ்டிக் மாடல் காருக்கு அடிக்கும்போதுதான் வினை.

எங்கள் சொசைட்டியில் ஒரு வீட்டில் நடந்தது. சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த வோல்க்ஸ்வாகன் பீட்டில் கிட், நிஜக் காரில் 24ல் ஒரு பங்கு அளவு. ஏழாவது படிக்கிற பெண் லீவு முழுக்க உட்கார்ந்து ஒட்டினாள். அப்பா பக்கத்துக் கடையில் கார் டச்சப் ஸ்ப்ரே வாங்கி வந்து அடித்தார். காலையில் பார்த்தால் கூரை முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல். "பிளாஸ்டிக் மட்டம்பா" என்று தீர்ப்பு ஆகிவிட்டது. அந்தப் பெண் இன்னொரு கிட்டைத் தொடவே மாட்டேன் என்கிறாள். பாவம், பிளாஸ்டிக் மேல் தப்பே இல்லை.

இது வெளியூரில் குடியிருக்கிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கென்றே வருகிற பிரச்சினை. கிட் விமானத்தில் வரும், அதற்கான பெயிண்ட் வராது. எனாமல், லாக்கர், ஸ்ப்ரே பெயிண்ட் எல்லாம் தீப்பற்றக்கூடியவை என்பதால் பயணிகள் பெட்டியில் கொண்டுவரத் தடை. ஆக, கிட் ஜப்பானுடையது, பெயிண்ட் நம்ம தெருக்கோடிக் கடையுடையது. இரண்டுக்கும் ஜாதகம் பொருந்துமா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த ஜாதகத்தைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதல் கதை: வெடிமருந்திலிருந்து வந்த லாக்கர்

ஆரம்பக் காலத்தில் காருக்கு அடித்தது எண்ணெய் வார்னிஷ். பல கோட்டிங், ஒவ்வொன்றும் காயக் காத்திருக்க வேண்டும், ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்ததற்குப் பெயிண்ட் காய்கிற வேகமும் விலையும் முக்கியக் காரணங்கள்.

இதை மாற்றியது வெடிமருந்துத் தொழில். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தினால் கிடைக்கிற நைட்ரோசெல்லுலோஸ் புகையில்லா வெடிமருந்துக்கு மூலப்பொருள். முதல் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி அதே சரக்கைப் பெயிண்ட்டாக்கி, 1923ல் 'டூக்கோ' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லாந்து கார்களை அதில் நீல நிறத்தில் இறக்கியது. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. இந்தியாவில் கார் பெயிண்ட் வேலைக்கே 'டூக்கோ அடிக்கிறது' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் 'என்.சி. தின்னர்' என்று கேட்கிறோமே, அந்த என்.சி. நைட்ரோசெல்லுலோஸ்தான்.

லாக்கர் காய்வது ரொம்ப எளிமையான விஷயம். கரைப்பான் ஆவியாகிப் போகும், படலம் மட்டும் மிஞ்சும். அது சீக்கிரம் நடக்க வேண்டுமென்று டொலுயின், அசிட்டோன் மாதிரி காரமான கரைப்பான்களைப் போடுகிறார்கள். கீழே இருப்பது இரும்புத் தகடு, அதற்கு ஒன்றும் ஆகாது.

இரண்டாவது கதை: பாலிஸ்டைரீன்

மாடல் கார் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன். 1930களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை அளவில் தயாரானது. நம் நாட்டில் மும்பையின் பாலிகெம் கம்பெனி 1957ல் தயாரிக்க ஆரம்பித்தது.

மாடல் கார் வியாபாரம் இதற்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. அமெரிக்காவில் 1948ல் தொடங்கிய ஏ.எம்.டி. கம்பெனியின் விரிவாக்கம் அலுமினியம் மாடல் டாய்ஸ். பெயர் அலுமினியமாகவே நிற்க, சரக்கு சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது. கார் டீலர்கள் கடையில் வைக்கிற மாதிரி கார்கள்தான் முதல் வியாபாரம். 1958ல் வீட்டில் ஒட்டுகிற கிட் வந்தது. அமெரிக்கப் பையன்கள் நிஜக் காரின் பளபளப்பு வேண்டுமென்று கார் கடை லாக்கரையே வாங்கி அடித்தார்கள். கூரையில் சிலந்தி வலை! கோந்த்வாவில் நடந்தது அங்கே அறுபது வருஷம் முன்பே நடந்து முடிந்த கதை.

காரணம் இதுதான். டொலுயினும் பாலிஸ்டைரீனும் வேதியியலில் பங்காளிகள், ஒன்றில் மற்றது கரையும். போதாததற்கு, அச்சில் வார்த்து வேகமாக ஆறும்போது பிளாஸ்டிக்குக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. கரைப்பான் உள்ளே ஊறியதும் அந்த இழுவிசை விட்டுக்கொடுக்க, மயிரிழை விரிசல்கள் கிளம்பும். கிரேசிங் என்பது இதைத்தான்.

"புனேயே கார் ஊராச்சே, ஃபேக்டரி பெயிண்ட் நல்லா இருக்குமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நிஜக் கார் பாடியைப் பெயிண்ட் அடித்தபின் அடுப்பில் வைத்துச் சுடுவார்கள், சுமார் 130, 140 டிகிரி. பாலிஸ்டைரீன் 100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். அந்த வழியும் அடைப்பு.

மூன்றாவது கதை: எனாமலும் அக்ரிலிக்கும்

1920களின் கடைசியில் வந்த அல்கைட் ரெசின்தான் நம் வீட்டுக் கதவு எனாமலின் அடிப்படை. இது காய்கிற விதமே வேறு. டர்பன்டைன் ஆவியானபின், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துப் பின்னல் போட்டு இறுகும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வரும், உள்ளே முழுக்க இறுக வாரங்கள் ஆகலாம். டர்பன்டைன் சாதுவான கரைப்பான், பாலிஸ்டைரீனை அவ்வளவாகச் சீண்டாது. இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஹம்ப்ரால் சின்னச் சின்ன டப்பாக்களில் எனாமல் விற்றே உலகம் முழுக்க மாடல்காரர்களிடம் பேர் வாங்கியது.

எனாமலின் வில்லங்கம் வேறு இடத்தில். அரைகுறையாக இறுகிய எனாமல் மேல் லாக்கர் அடித்தால், கீழ்ப்படலம் ஊதிச் சுருங்கி, கொதித்து ஆறிய பால் ஏடு மாதிரி ஆகிவிடும். லாக்கர் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் கூடாது.

1950களில் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வந்தது. பிள்ளைகள் கையில் கொடுக்க இதுதான் உத்தமம். ஒரே குறை, கிட்டில் ஒட்டியிருக்கும் அச்சு எண்ணெய் மேல் இது நிற்காமல் திட்டுத்திட்டாக விலகும். ஒட்டுவதற்கு முன் பாத்திரம் கழுவுகிற சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

டப்பா மேலே எழுதியிருப்பதையும் நம்பிவிடக் கூடாது, எந்த பிளாஸ்டிக்குக்கு என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் டமியா இரண்டு வகை ஸ்ப்ரே விற்கிறது. டி.எஸ். என்பது பாலிஸ்டைரீனுக்கு, பி.எஸ். என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு. ஒரே கம்பெனி, ஒரே அலமாரி, மாற்றி அடித்தால் காரியம் கெட்டது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

எதை அடிப்பதானாலும் முதலில் கிட்டின் உதிரிகள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். அதுவும் அதே பிளாஸ்டிக்தான், எப்படியும் குப்பைக்குப் போவது. ஒரு நாள் விட்டுப் பார்த்து, விரிசல் இல்லையென்றால் காருக்கு வாருங்கள். பிளாஸ்டிக் மாடலுக்கென்றே விற்கும் ப்ரைமரை மெல்லிய மூன்று நான்கு தூவலாக அடித்தால், மேலே வரும் பெயிண்ட்டின் கரைப்பான் நேராகப் பிளாஸ்டிக்கைத் தொடாது. ஒரேயடியாக நனைய அடித்தால் ப்ரைமரும் காப்பாற்றாது.

ஏற்கெனவே விரிசல் விட்டதா? தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள், உள்ளே ஊறிய கரைப்பான் போகட்டும். பிறகு 600 நம்பர் எமரி ஷீட்டைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 1000 நம்பரில் முடித்து, ப்ரைமர் அடியுங்கள். விரிசல் ஆழமாக இல்லையென்றால் கூரை மீண்டுவிடும்.

இன்னொன்று, புனேயில் ஜூலை, ஆகஸ்டில் லாக்கர் வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, மழைக்கால ஈரம் அதன்மேல் படிந்து, பெயிண்ட் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். நல்ல வெயில் நாளுக்குக் காத்திருப்பதே மலிவான வைத்தியம்.

டிஸ்கி: டொலுயின் கலந்த தின்னரையும் ஸ்ப்ரேயையும் கதவு சாத்திய ஃப்ளாட்டுக்குள் திறக்காதீர்கள். அதன் ஆவி தலைசுற்றலும் தலைவலியும் தரும், தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகளைக் கெடுக்கும், அடுப்பு எரிந்தால் தீயும் பிடிக்கும். ஸ்ப்ரே வேலையைப் பெரியவர்கள் முகமூடி போட்டு மொட்டைமாடியில் செய்யட்டும். பிரஷ்ஷும் தண்ணீர் அக்ரிலிக்கும் பிள்ளைகள் பங்கு.