தாளில்லாத அச்சு: பி.டி.எஃப். பிறந்த கதை

தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்து முடித்ததும் வரும் கேள்வி, "பிடிஎஃப்பா போட்டுரவாண்ணே?" என்பதுதான். வேர்டு கோப்பாகவே போதும் என்றால் கடைக்காரரே தடுப்பார்: "அங்க போய்த் திறந்தா எழுத்து மாறிரும்."

அந்தப் பயத்துக்குப் பிறந்த பிள்ளைதான் பி.டி.எஃப். வேர்டு கோப்புக்குள் வழக்கமாக எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும், எழுத்துரு இருக்காது. திறக்கிற கணினியில் அது இல்லையென்றால் கைக்குக் கிடைத்த வேறொன்றைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வரி உடையும், பக்கம் நழுவும். ஆங்கிலத்துக்கு இது வெறும் தொந்தரவு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழு மனுவும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும்.

இந்தத் தொல்லைக்கு வழி தேடியவர் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கியோடு சேர்ந்து 1982-ல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கியவர். பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அவர்கள் கொடுத்ததே. 1991-ல் 'கேமலாட்' என்ற பெயரில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: எந்த மென்பொருளில் செய்த ஆவணமும் எந்தக் கணினியிலும் ஒரே தோற்றத்தில் திறக்க வேண்டும்.

எப்படி? இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு மென்பொருளின் கோப்பையும் படித்துப் புரிந்துகொள்ள முயன்றிருந்தால் வேலை முடிந்தே இருக்காது. ஆனால் எல்லா மென்பொருளுக்கும் அச்சிடத் தெரியும். ஆகவே அச்சுப்பொறி மாதிரி நடிக்கும் ஒரு நிரலை நடுவில் நிறுத்தினார்கள். வேர்டு வழக்கம்போல் 'அச்சிடு' என்று பக்கத்தை அனுப்பும். அது தாளுக்குப் போகாமல், எழுத்து வடிவங்களையும் உள்ளே சுமந்துகொண்டு, ஒரு கோப்பாக வந்து விழும்.

1993 ஜூனில், இதைச் செய்யும் அடோபியின் அக்ரோபேட் மென்பொருள் வெளிவந்தது. எழுதுவதற்கு மட்டுமல்ல, படிக்கும் மென்பொருளுக்கே 50 டாலர் விலை! கடிதத்தைப் பிரிக்கக் காசு கேட்டால் யார் வாங்குவார்? படிப்பானை இலவசமாக்கிய பிறகுதான் அது பரவியது.

வேர்டுக்குள்ளேயே மாற்றும் வசதி வரத் தாமதமானது. இலவச ஓப்பன் ஆபீஸ் 2003-லேயே அதைக் கொடுத்துவிட்டது. மைக்ரோசாப்ட் சேர்க்க முனைந்தபோது அடோபி மறுப்புச் சொல்ல, 2007 பதிப்புக்குத் தனியாகத் தரவிறக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2009-ல்தான் உள்ளேயே வந்தது. இடையில், 2008-ல், பி.டி.எஃப். உலகத் தர நிர்ணயமாகிப் பொதுச் சொத்தானது.

தமிழர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து பி.டி.எஃப்.பாகவும் வெளியிட்டது. திருக்குற்றாலக் குறவஞ்சியை எழுத்துரு நிறுவாமலே வெளிநாட்டுக் கணினியில் படிக்க முடிந்தது அப்படித்தான்.

இன்று உலாவியில் எழுதி அங்கேயே பி.டி.எஃப்.பாக இறக்கிக்கொள்ளலாம். 2005-ல் அப்படி ஓர் எழுதியை, ஜோஹோ ரைட்டரை, வெளியிட்ட நிறுவனம் 2011-ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது; அந்த அலுவலகம் இப்போது மத்தளம்பாறையில் இயங்குகிறது. மாற்றும் வேலை நிறுவனத்தின் வழங்கியிலேயே நடந்துவிடும். நம் கணினிக்குச் சிரமமில்லை.

இருந்தாலும் ஒரு குறை. பி.டி.எஃப். தோற்றத்தைத்தான் காப்பாற்றுகிறது, எழுத்தை அல்ல. 'தென்காசி' என்று தட்டும்போது கணினி முதலில் 'த'வையும் பிறகு ஒற்றைக் கொம்பையும் சேமிக்கிறது. பக்கத்தில் வரையும்போது கொம்புதான் முன்னால். பல பி.டி.எஃப்.களில் நகலெடுத்து ஒட்டினால் 'ெதன்காசி' என்று வருவது இதனால்தான்; தேடினாலும் சிக்காது. கொம்பில்லாத 'குற்றாலம்' பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பாமினியில் செய்ததை நகலெடுத்தால் பழைய ஆங்கிலக் கிறுக்கலே மறுபடி வரும்.

ஆகவே அலுவலகங்களுக்கும், விழா மலர் போடும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாமினி போன்றவற்றை விட்டு, யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். அனுப்புவது பி.டி.எஃப்.பாக இருக்கட்டும், அது வந்துவிட்டதென்று மூல வேர்டு கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.