மண்ணுக்குள் இறக்கிய வெப்பமானி

திருவனந்தபுரத்தின் தம்பானூருக்கு ரயில் வந்தது 1931-இல். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, சற்று வடக்கே உள்ள குன்றின்மேல் திருவிதாங்கூர் அரசின் வானாய்வகம் எழுந்துவிட்டது. இசைக் கீர்த்தனைகளால் நாம் அறிந்த மன்னர் சுவாதித் திருநாள்தான் 1837-இல் அதை நிறுவினார். ஆலப்புழையில் வணிக முகவராக இருந்தபடியே வானத்தை அளந்துகொண்டிருந்த ஜான் கால்டிகாட்டை அதற்குத் தலைவராக அமர்த்தினார்.

கால்டிகாட் வானத்தோடு நிற்கவில்லை; தரையையும் அளந்தார். 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை 3, 6, 12 பிரெஞ்சு அடி ஆழங்களில் வெப்பமானிகளை இறக்கி அளவுகளைப் பதிவுசெய்துவந்தார். வெப்ப நாடுகளில் ஓரடி ஆழத்திலேயே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுதும் மாறாமல் இருக்கும் என்பது பிரெஞ்சு அறிஞர் புஸ்ஸங்கோவின் கருத்து. திருவனந்தபுரத்து மண் அதற்கு உடன்படவில்லை. அதைவிட ஆழத்திலும் பருவத்துக்கேற்ப அளவு ஏறி இறங்கியது. இந்தக் குறிப்புகளை எடின்பரோவின் இயற்பியலாளர் ஃபோர்ப்ஸ் வெளியிட்டார். கால்டிகாட்டுக்குப் பின் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன் 1855-இல் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார்.

அந்தக் குன்றில் இன்று இந்திய வானிலைத் துறை இயங்குகிறது. அண்மை ஆண்டுகளில் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா கேரளா, புவியியல் கற்பிக்கும் மேல்நிலைப் பள்ளிகளில் வானிலை நிலையங்களை அமைத்துவருகிறது. நல்ல முயற்சி, ஆனால் சின்னக் குழந்தைகள் பிளஸ் ஒன் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையை வெதுவெதுப்பான தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் சாதாரணத் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். ஒரு கை சூடு என்னும், மற்றது குளிர் என்னும். கருவி எதற்கு என்ற கேள்வி குழந்தையிடமிருந்தே வரும்.

அடுத்து மண். ஆல்கஹால் நிரப்பிய வெப்பமானிகள் இரண்டு போதும். உடைந்தால் ஆபத்து என்பதால் பாதரசம் வேண்டாம். ஒன்றைத் தரைமேல் வைத்து, மற்றொன்றை ஒரு சாண் ஆழத்தில் இறக்க வேண்டும். மதிய மணிக்கு முன் இரண்டையும் நோட்டில் எழுதவேண்டியது குழந்தைதான், ஆசிரியர் அல்ல. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்கும் வாரத்தில் மேலே உள்ளது சட்டென்று இறங்கும், கீழே உள்ளது சற்றுத் தாமதமாக.