எம்ஆர்ஐ நார்மல்... ஆனாலும் மூளையில் அழற்சி இருக்கலாமா? பெட் ஸ்கேன் ட்ரேசர் காட்டுவது என்ன?

நேற்று வரை நன்றாக இருந்த இளம்பெண் திடீரென சம்பந்தமில்லாமல் பேசுகிறார். தூக்கம் போய்விடுகிறது. அடுத்த சில நாட்களில் வலிப்பு வருகிறது. எம்ஆர்ஐ எடுத்தால் 'நார்மல்' என்று ரிப்போர்ட். "மனசு சரியில்ல", "காத்து கருப்பு பட்டுருச்சு" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால், உண்மையான காரணம் மூளையில் ஏற்பட்ட அழற்சியாகவும் இருக்கலாம். அதை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

மூளை அழற்சி என்றால் என்ன?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதுபோல, மூளையும் தொற்று அல்லது பாதிப்பு ஏற்பட்டால் எதிர்வினை காட்டும். மூளையின் காவல்காரர்கள் 'மைக்ரோக்ளியா' எனும் செல்கள். ஆபத்து வந்தால் இவை விழித்துக்கொண்டு வேலையில் இறங்கும். அந்த வேலை அளவுக்கு மீறிப் போனால் நல்ல நரம்பு செல்களும் பாதிக்கப்படும். அல்சைமர், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களிலும் இந்த அழற்சிக்குப் பங்கு உண்டு.

எம்ஆர்ஐ-யில் தெரியாதா?

பல நேரங்களில் தெரியும். எல்லா நேரமும் அல்ல. கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கத்து மக்களுக்கு விருத்தாசலம் பீங்கான் சூளைகள் பழக்கமானவை. சூளையை வெளியே நின்று பார்த்தால் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். உள்ளே எந்த மூலையில் சூடு அதிகம் என்று சொல்ல முடியாது. எம்ஆர்ஐ பெரும்பாலும் மூளையின் அமைப்பையும் வீக்கத்தையும் காட்டும். பெட் ஸ்கேன் உள்ளே நடக்கும் வேலையைக் காட்டும்.

ட்ரேசர் எப்படி வேலை செய்கிறது?

மைக்ரோக்ளியா விழித்துக்கொள்ளும்போது அதற்குள் 'டிஎஸ்பிஓ' என்ற புரதம் அதிகமாகிறது. இந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து மூலக்கூறில், மிகக் குறைந்த அளவு கதிரியக்க அணுவைச் சேர்த்து நரம்பு வழியாக ஊசி போடுகிறார்கள். இதுதான் ட்ரேசர். அது எங்கே அதிகமாகச் சேருகிறதோ அங்கிருந்து வரும் காமா கதிர்களை ஸ்கேனர் பிடித்துப் படமாக்கும். இந்த வகையில் முதலில் பரவலாகப் பயன்பட்டது கார்பன்-11 சேர்த்த 'பிகே11195'.

வேப்பூர் வரை கொண்டு வர முடியுமா?

இங்கேதான் சிக்கல். கார்பன்-11 சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள வேப்பூருக்கு சென்னையிலிருந்து 200 கி.மீ.க்கு மேல். வண்டி வந்து சேர 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 12 முறை பாதியாகி, 4,096-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால், இதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஃப்ளோரின்-18 பாதியாக 110 நிமிடம் ஆகும். அதே 4 மணி நேரப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும். புற்றுநோய்க்கு எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேனில் பயன்படும் 'எஃப்டிஜி' எனும் சர்க்கரை ட்ரேசரில் இருப்பது இதுதான். 'டிபிஏ-714' போன்ற புதிய அழற்சி ட்ரேசர்களிலும் இதையே சேர்க்கிறார்கள். இந்தியாவின் முதல் பெட் ஸ்கேன் மையம் 2002-ல் மும்பையில் தொடங்கியது.

மரபணுவும் குறுக்கே வரும்

புதிய ட்ரேசர்கள் பல, எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. டிஎஸ்பிஓ மரபணுவில் உள்ள சிறு வேறுபாட்டால் சிலருக்கு நன்றாகவும், சிலருக்கு மிகக் குறைவாகவும் ஒட்டும். மரபணுப் பரிசோதனை செய்யாமல் ரிசல்ட்டைப் படித்தால் தவறாகிவிடும். தவிர, இந்தப் புரதம் மற்ற செல்களிலும் இருக்கிறது. அதனால்தான் டிஎஸ்பிஓ ஸ்கேன் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது.

ஆராய்ச்சியால் பலன் உண்டா?

அமெரிக்காவில் மருத்துவர் சுஜாதா கண்ணன் குழுவினர், கருவிலேயே அழற்சிக்கு ஆளாகிப் பிறந்த முயல்குட்டிகளின் மூளையை பிகே11195 ட்ரேசர் மூலம் படமெடுத்து 2007-ல் வெளியிட்டனர். மைக்ரோக்ளியா விழித்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிறகு, அவரும் ரங்கராமானுஜம் கண்ணனும் இடம்பெற்ற குழு, அந்தச் செல்களைத் தேடிப் போகும் நுண்துகளில் மருந்தை ஏற்றிக் கொடுத்தது. குட்டிகளின் அசைவு மேம்பட்டதாக 2012-ல் அறிவித்தனர். அழற்சி எங்கே என்று தெரிந்தால் மருந்தையும் அங்கேயே அனுப்பலாம் என்பதே இதன் நம்பிக்கை.

நோயாளிகளுக்கு இப்போது என்ன வழி?

முதலில் சொன்ன அறிகுறிகள் 'ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ்' நோயாக இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் நிலை இது. இதில் ஒரு முக்கிய வகையை 2007-ல் ஜோசப் டால்மாவ் குழு அடையாளம் கண்டது. முதுகுத்தண்டு நீர், ரத்தத்தில் ஆன்டிபாடி பரிசோதனை, இஇஜி, எம்ஆர்ஐ ஆகியவைதான் இதைக் கண்டுபிடிக்க முக்கியம். சந்தேகம் தீராதபோது டாக்டர்கள் எஃப்டிஜி பெட் ஸ்கேனையும் கேட்பார்கள். எம்ஆர்ஐ-யில் தெரியாத மாற்றம் சிலருக்கு அதில் தெரியும்.

எனவே, ஸ்கேன் சென்டரைத் தேடி நீங்களாகப் போக வேண்டாம். திடீர் குழப்பம், நடத்தை மாற்றம், வலிப்பு இருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். எம்ஆர்ஐ நார்மல் என்பதால் மட்டும் பிரச்னை இல்லை என்று அர்த்தமில்லை. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால், இந்நோயிலிருந்து பலர் மீண்டு வருகிறார்கள்.