விழா நாளும் கடையடைப்பும்

‘நாளங்காடி’, ‘அல்லங்காடி’ என்னும் இரு சொற்களும் மதுரைக்காஞ்சியைக் கற்றார் நன்கறிந்தவை. பகலில் இயங்கும் கடைத்தெரு ஒன்று. இரவில் இயங்குவது மற்றொன்று. புகார் நகரத்து நாளங்காடியைச் சிலப்பதிகாரம் இந்திரவிழவின் நிகழ்ச்சிகளோடு இணைத்தே பேசுகின்றது. விழாவும் அங்காடியும் ஒன்றையொன்று தழுவி நிற்பதே இப்பழம் பனுவல்கள் காட்டும் நிலை. ‘இன்று விழா நாள், ஆதலின் கடையை மூடுக’ என அரசு ஆணையிடும் வழக்கமோ வேறொரு நிலத்தில் தோன்றிப் பல நூற்றாண்டுகள் வளர்ந்தது. அவ்வழக்கம் இங்கிலாந்து நாட்டில் அடைந்த மாற்றங்களையும், அதன் கிளையாகிய அமெரிக்க நாட்டுச் சட்டங்களையும் ஆராய்ந்து, அவற்றால் யார் பயனுற்றனர், யார் இடருற்றனர் எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் கூறும் வரலாறு

ஆங்கிலத்தில் பெருஞ்சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ என்னும் சொல், விழா நாளைக் குறிக்கும் ‘ஃபெரியா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. செருமானிய மொழியில் ‘மெஸ்ஸெ’ என்னும் ஒரே சொல் கிறித்தவக் கோயிலின் திருப்பலிக்கும் வணிகச் சந்தைக்கும் பெயராக வழங்குகின்றது. ‘ஹாலிடே’ என்னும் சொல்லுக்குப் ‘புனித நாள்’ என்பதே முதற்பொருள். இவற்றால் நாம் அறிவது யாது? வழிபாட்டிற்குக் கூடிய மக்களிடையே வணிகன் சரக்கை விரித்தான். கோயில் முற்றமே சந்தை ஆயிற்று. ஆகவே ஐரோப்பாவிலும் விழாவும் அங்காடியும் உடன்பிறந்தவையே. உடன்பிறந்த அவ்விரண்டையும் பிரிக்க முயன்றவையே கடையடைப்புச் சட்டங்கள்.

முதற் சட்டங்கள்

உரோமப் பேரரசன் கான்ஸ்டண்டைன் கி. பி. 321-ஆம் ஆண்டில் விடுத்த ஆணை இவ்வகையில் முதன்மையானது. ஞாயிற்றுக்கிழமையன்று நீதிபதிகளும் நகர மாந்தரும் ஓய்ந்திருத்தல் வேண்டும். தொழிற்கூடங்கள் மூடப்படல் வேண்டும் என்று அவ்வாணை விதித்தது. ஆயின், உழவருக்கு அஃது விலக்களித்தது. விதைப்புக்கும் நடுகைக்கும் உரிய பருவம் தவறின் மீளாது என்பதே அதற்குக் கூறிய காரணம். விதியோடு விலக்கும் உடன்பிறந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இவ்வகைச் சட்டங்களின் பிற்கால வரலாறு முழுவதும் விதியின் வரலாறாக அன்றி விலக்குகளின் வரலாறாகவே அமைந்தது எனின் மிகையாகாது.

இங்கிலாந்தில் ஆறாம் ஹென்றியின் காலத்தில், 1448-இல், ஞாயிற்றுக்கிழமைகளிலும் புனித வெள்ளி முதலிய பெருவிழா நாட்களிலும் சந்தை கூடுதலைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மீறி விரித்த சரக்கு பறிமுதலாகும். ஆனால் அன்றாட உணவுப் பொருள்களுக்கும், அறுவடைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் நான்கிற்கும் அதிலும் விலக்குண்டு.

விழாவை ஒழித்த சட்டம்

பதினேழாம் நூற்றாண்டில் பியூரிட்டானியர் எனப்படும் தூய்மைக் கொள்கையினர் கை ஓங்கியபோது இவ்வரலாறு எதிர்பாராத திருப்பம் எய்திற்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே வேதம் விதித்த ஓய்வு நாள். கிறிஸ்துமஸ் முதலிய விழாக்கள் மனிதர் வகுத்தவை என்பது அவர்தம் கொள்கை. 1647-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பாராளுமன்றம் அவ்விழாக்களை ஒழித்து ஆணை பிறப்பித்தது. விழா நாட்களை இழந்த மாணாக்கர்க்கும் தொழில் பயிலும் இளைஞர்க்கும் ஏவலாளர்க்கும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பொழுதுபோக்கு நாளாக ஒதுக்கியது. விழாவை நீக்கலாம், உழைப்பாளியின் ஓய்வை நீக்க இயலாது என்பதை அவ்வாணையை வகுத்தவர்களே ஒப்புக்கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் காண்டர்பரி நகரில் வழக்கம்போல் சந்தை நடைபெறல் வேண்டும் என மேயர் கட்டளையிட்டார். கட்டளைக்கு இணங்கிக் கடை திறந்தோர் சிலரே. விழாவை விட மனமில்லாத மக்கள் திறந்த கடைகளைத் தாக்கிச் சரக்குகளைச் சிதறடித்தனர். நகரில் பெருங்கலகம் மூண்டது. கடலுக்கு அப்பால் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் இயற்றிய சட்டமும் இத்தகையதே. வேலையை நிறுத்தியோ விருந்துண்டோ கிறிஸ்துமஸைக் கொண்டாடியவர் ஐந்து ஷில்லிங் தண்டம் செலுத்தல் வேண்டும். அச்சட்டம் 1681-இல் நீக்கப்பட்டது. அதே மாசச்சூசெட்ஸ் 1856-இல் கிறிஸ்துமஸைப் பொது விடுமுறை ஆக்கிற்று. இன்றோ அந்நாளில் பெரும்பாலான கடைகள் திறத்தலாகாது என அதன் சட்டம் தடுக்கின்றது. திறவாமை ஒரு காலத்துக் குற்றம். திறத்தல் மற்றொரு காலத்துக் குற்றம். நாள் ஒன்றே, அரசின் ஆணையே மாறிற்று.

ஐந்து ஷில்லிங் தண்டம்

முடியாட்சி மீண்ட பின்னர், இரண்டாம் சார்லஸ் காலத்தில், 1677-இல் பிறந்த ஞாயிறு ஓய்வுச் சட்டமே நெடுங்காலம் நிலைபெற்றது. வணிகரும் தொழிலாளரும் தத்தம் தொழிலை ஞாயிற்றுக்கிழமை நடத்தலாகாது. மீறினால் ஐந்து ஷில்லிங் தண்டம். இன்றியமையாப் பணியும் அறப்பணியும் விலக்குப் பெற்றன. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் பால் விற்கலாம். விரைவிற் கெடும் கானாங்கெளுத்தி மீனை வழிபாட்டு வேளைக்கு முன்னோ பின்னோ விற்கலாம் என்னும் சலுகை 1698-இல் சேர்ந்தது.

1777-இல் இச்சட்டம் பற்றிய வழக்கொன்று மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் மன்றத்திற்கு வந்தது. ரொட்டி வணிகர் ஒருவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சூடான ரொட்டிகள் விற்றதற்காக நான்கு தண்டங்கள் பெற்றிருந்தார். ஒரு நாளில் எத்துணை ரொட்டி விற்பினும் குற்றம் ஒன்றே என மன்றம் தீர்ப்பளித்தது. இதன் விளைவு தெளிவானது. காலப்போக்கில் நாணயத்தின் மதிப்புக் குறைந்தது. தண்டமோ ஐந்து ஷில்லிங்காகவே நின்றது. வருவாய் மிகுதியும் உடைய வணிகனுக்கு அஃது ஒரு நாள் வாடகை போன்றதாயிற்று. 1871-இல் வழக்குத் தொடுப்பதற்கே காவல் தலைவர் அல்லது நீதிபதிகளின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்றாயிற்று. உயிரற்ற அச்சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியதோ 1969-இல்தான். 1448-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாண்டே நீக்கம் பெற்றது.

ஏழையின் ஞாயிறு

1855-ஆம் ஆண்டில் இராபர்ட் குரோவ்னர் பிரபு, இலண்டன் நகரின் ஞாயிறு வணிகத்தைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். கடைப் பணியாளர் ஓய்வு பெறல் வேண்டும் என்பது அதற்குக் காட்டிய காரணம். ஆனால் அக்காலத்துத் தொழிலாளர் பலர் சனிக்கிழமை இரவிலேயே கூலி பெற்றனர். அவர்கள் உணவு வாங்க ஞாயிற்றுக்கிழமைக் காலையை விட்டால் வேறு பொழுதில்லை. செல்வரோ வார நாட்களிலேயே வேண்டுவன வாங்கி வைத்துக்கொள்வர். அவர்தம் மனையிற் பணிபுரியும் ஏவலாளருக்கோ ஞாயிறும் வேலை நாளே.

ஜூன் 24-ஆம் நாளும் ஜூலை 1-ஆம் நாளும் ஹைடு பூங்காவில் பெருந்திரளான மக்கள் கூடினர். உலா வந்த செல்வரின் வண்டிகளை நோக்கி எள்ளி ஆரவாரித்தனர். அக்கூட்டத்தை நேரிற் கண்டு செருமானியச் செய்தித்தாளுக்கு எழுதி விடுத்தவருள் கார்ல் மார்க்ஸும் ஒருவர். காவலரின் அடிக்கு மக்கள் ஆளாயினர், மசோதாவும் கைவிடப்பட்டது. கடைப் பணியாளரின் ஓய்வும் ஏழையின் உணவும் ஒன்றோடொன்று மோதிய நிகழ்ச்சி இது. இருவரும் எளியவரே. கூலி வழங்கும் நாளை மாற்றாது கடை திறக்கும் நாளை மட்டும் மாற்ற முயன்றதே அம்மசோதாவின் குறை.

பட்டியலின் பிடியில்

இருபதாம் நூற்றாண்டில் சட்டத்தின் நோக்கம் வழிபாட்டினின்று தொழிலாளர் நலத்திற்குப் பெயர்ந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் கடைப் பணியாளருக்கு வாரத்தில் அரை நாள் விடுமுறை வழங்கிற்று. 1936-ஆம் ஆண்டின் ஞாயிறு வணிகக் கட்டுப்பாட்டு விதிகள் 1950-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் இடம்பெற்றன. சனிக்கிழமையை ஓய்வு நாளாகப் போற்றும் யூத வணிகர் அன்று கடையை அடைத்தால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி வரை திறக்கலாம் என்னும் நேரிய விலக்கு அதில் உண்டு.

ஆயினும் எப்பொருளை விற்கலாம் என வகுத்த அட்டவணை நகைப்புக்கு இடமாயிற்று. சமைத்த உணவைக் கடையில் விற்கலாம். வறுத்த மீனை மட்டும் அதற்கென்றே உள்ள கடையில் விற்கலாகாது. செய்தித்தாளும் வார இதழும் எங்கும் விற்கலாம். நூல்களையோ குறிப்பிட்ட புகைவண்டி நிலையங்களிலும் விமான நிலையங்களிலுமே விற்கலாம். மற்றொரு வியப்பும் உண்டு. ஞாயிறு ஓய்வை மிகக் கடுமையாகப் போற்றிய ஸ்காட்லாந்திற்கு இஞ்ஞாயிறு விதி பொருந்தாது. வழக்கம் வலியதாக உள்ள இடத்தில் சட்டத்திற்கு வேலையில்லை. வழக்கம் தளர்ந்த இடத்தில் சட்டம் மட்டும் நின்று காத்தல் அரிது.

அமெரிக்கத் தீர்ப்புகள்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961-இல் இச்சிக்கலை நேர்நின்று ஆராய்ந்தது. மேரிலாந்து மாநிலத்துப் பெருங்கடை ஒன்றின் பணியாளர், பொம்மை நீர்மூழ்கிக் கப்பல், தரை மெழுகு, தாள் பிணைக்கும் கருவி முதலியவற்றை ஞாயிற்றுக்கிழமை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டனர். சமயத்தை அரசு நிறுவலாகாது என்னும் அரசியலமைப்புக்கு இச்சட்டம் முரண் என்பது அவர்தம் வாதம். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அதனை ஏற்கவில்லை. இச்சட்டங்களின் பிறப்புச் சமயம் சார்ந்ததே. எனினும் இன்று அவற்றின் பயன் அனைவருக்கும் பொதுவான ஓய்வு நாள் ஒன்றை அமைப்பதே என்றார்.

அதே நாளில் தீர்க்கப்பட்ட மற்றொரு வழக்கே நெஞ்சை உறுத்துவது. பிலடெல்பியா நகரத்து யூத வணிகர் சிலர் சமய நெறிப்படி சனிக்கிழமை கடையடைத்தனர். சட்டத்தின்படி ஞாயிற்றுக்கிழமையும் அடைக்க நேர்ந்தது. பிறர் ஆறு நாள் விற்க, இவர் ஐந்து நாளே விற்றல் வேண்டும். மன்றத்தின் பெரும்பான்மை அவர்களுக்கு இரங்கியது, விலக்களிக்கவில்லை. சமயமா பிழைப்பா என ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுதல் கொடிது என்று நீதிபதி ஸ்டூவர்ட் மாறுபட்டு எழுதினார். அனைவர்க்கும் பொது எனப்படும் ஓய்வு, சிறுபான்மையினருக்கு இழப்பாக முடியலாம் என்பதற்கு இவ்வழக்கு என்றும் சான்றாகும்.

அண்மைக் காலம்

1984-இல் இங்கிலாந்தில் ஆல்டு குழுவினர் கட்டுப்பாடுகளை முற்றும் நீக்கப் பரிந்துரைத்தனர். மார்கரெட் தாட்சர் அரசு அதற்கேற்ப 1986-இல் கொணர்ந்த மசோதா, 282-க்கு 296 என்னும் வாக்குகளால் காமன்ஸ் சபையில் வீழ்ந்தது. திருச்சபையினரும் கடைப் பணியாளர் சங்கத்தினரும் ஓரணியில் நின்றமையே அத்தோல்விக்குக் காரணம். ஒருவர் வழிபாட்டிற்காகப் போராடினர். மற்றவர் ஓய்வுக்காகப் போராடினர்.

1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடைவழி ஒன்றைக் கண்டது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெருங்கடைகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையே தொடர்ந்து ஆறு மணி நேரம் திறக்கலாம். ஈஸ்டர் ஞாயிறன்று திறத்தலாகாது. சிறு கடைகளுக்குத் தடையில்லை. ஞாயிறு வேலைக்கு இசைய மறுக்கும் உரிமை பணியாளருக்குக் கிடைத்தது. 2004-இல் இயற்றிய சட்டம், கிறிஸ்துமஸ் எக்கிழமையில் வரினும் பெருங்கடைகள் திறத்தலாகாது என்றது. 1647-இல் அந்நாளில் சந்தையை நடத்த முனைந்த நாடு, 357 ஆண்டுகளுக்குப் பின் அதே நாளில் கடையடைப்பைச் சட்டமாக்கிற்று. ஞாயிறு நேரத்தை நீட்டிக்கும் உரிமையை உள்ளூர் ஆட்சிக் குழுக்களுக்கு அளிக்க 2016-இல் அரசு முயன்றபோதும் 286-க்கு 317 என்னும் வாக்குகளால் சபை மறுத்துவிட்டது.

முடிபு

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவன மூன்று. கடையடைப்புச் சட்டம் முதலில் இறைவனின் நாளைக் காக்கப் பிறந்தது. பின்னர்ப் பணியாளனின் நாளைக் காப்பதாக உருமாறிற்று. இன்று சிறு வணிகனுக்கும் பெரு வணிகனுக்கும் இடையே எல்லைக் கல்லாகவும் நிற்கின்றது. எவ்வுருவில் நிற்பினும், பொருள்களை எண்ணிப் பட்டியலிட்டபோது அது நகைப்புக்கு உரியதாயிற்று. மனிதரின் ஓய்வை எண்ணியபோது மதிப்புப் பெற்றது.

இந்தியாவில் 1942-இல் இயற்றிய வார விடுமுறைச் சட்டம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. வாரத்தில் ஒரு நாள் கடை முற்றும் மூடியிருத்தல் வேண்டும். அந்நாள் எதுவென்பதைக் கடைக்காரரே அறிவித்து எழுதி வைக்கலாம் என்பது அதன் விதி. பல சமயத்தார் வாழும் நாட்டிற்கு இது பொருத்தமான வழியே. பிலடெல்பியா வணிகர் வேண்டியதும் இதனையே. ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. தந்தைக்கு ஒரு நாளும் தாய்க்கு மற்றொரு நாளும் ஓய்வு வாய்ப்பின், குடும்பம் கூடியிருக்கும் நாள் எது? வாரன் கூறிய பொது ஓய்வு நாளின் வலிமை இவ்விடத்தில்தான் புலப்படுகின்றது.

பொது நாளை வகுத்தால் சிறுபான்மையினர் இடருறுவர். அவரவர் நாளை அவரவர்க்கு விட்டால் கூடியிருக்கும் இன்பம் குன்றும். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கவல்லது, பொது நாளை விதித்து, மாற்று நாள் போற்றுவோர்க்கு விலக்களித்து, எந்நாளாயினும் பணியாளன் வேண்டாமெனச் சொல்லும் உரிமையை உறுதி செய்யும் சட்டமேயாகும். கடையின் கதவை மூடுதல் எளிது. அதனுள் நின்று உழைப்பவனுக்கு அந்நாளை உரிமையாக்குதலே அரிது. சட்டத்தின் தகுதியை அளக்கும் கோல் அதுவே.