ரோமா, வேயியா? - ஒரு மாநகரம் இடம்பெயராத கதை

யவனர் என்றதும் நமக்கு முசிறியும் மிளகும் மரக்கலங்களும் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகளும் நினைவுக்கு வரும். அந்தப் பேரரசின் தலைநகரான ரோம், அக்காசுகளின் காலத்திற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்னர், தன் குடிமக்களாலேயே கைவிடப்பட இருந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பக்கத்து நகரத்திற்குக் குடிபெயரலாமா, வேண்டாமா என்று அவ்வூரார் ஐந்தாறு ஆண்டுகள் தமக்குள் வழக்காடினர். ஒருமுறை, ஒரேயொரு வாக்கு வேறுபாட்டில்தான் ரோம் தப்பியது!

ஊர் மாறுவதா, இருப்பதா என்ற கேள்வி எழுந்தால், கேட்டவர் கேளாதவர் எல்லோரும் கருத்துச் சொல்வர். ஒருவர் சொன்னதற்கு நேரெதிராய் அடுத்தவர் சொல்வார். இருவர் சொல்வதும் சரியாகவே தோன்றும். இவற்றை எப்படி எடைபோடுவது? வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று இதற்காக ஓர் அதிகாரமே வகுத்தார். ரோமானியரின் வழக்கை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதன் விளைவே இக்கட்டுரை.

ரோமுக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது வேயி. எட்ருஸ்கன் இனத்தாரின் செல்வ வளம் மிக்க நகரங்களுள் ஒன்று. செங்குத்தான பாறை மேட்டின்மீது அமைந்திருந்ததால் இயற்கையே அதற்கு அரண். மரபுவழிக் கணக்குப்படி, பத்தாண்டு முற்றுகைக்குப் பின் கி.மு. 396இல் கமில்லஸ் என்ற ரோமானியத் தளபதி அதனைக் கைப்பற்றினார். எஞ்சிய மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். வீடுகள் வெறுமையாய் நின்றன. உள்ளே நுழைந்த வெற்றியாளர்கள் கண்டது என்ன? தோற்றவன் ஊர் தம் ஊரைவிட அழகாக இருந்தது!

அடுத்த ஆண்டே சிக்கல் தொடங்கிவிட்டது. நிலமற்ற எளிய குடிகளின் முணுமுணுப்பை அடக்க, தொலைவிலிருந்த வோல்சியர் நாட்டில் 3000 பேரைக் குடியமர்த்தலாம் என்றது மூத்தோர் அவையான செனட். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேயி காலியாகக் கிடக்க, எங்களை ஏன் அங்கே துரத்துகிறீர்கள் என்று மக்கள் வெகுண்டனர். எளிய குடிகளின் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் டிரிப்யூன்களுள் ஒருவரான சிசினியஸ் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். மக்களில் பாதிப்பேரும் செனட்டில் பாதிப்பேரும் வேயிக்குச் செல்லட்டும். இரு நகரங்களும் ஒரே அரசாக விளங்கட்டும் என்பது அதன் சாரம்.

இனி இரு தரப்பையும் கேட்போம். 'போவோம்' கட்சியின் வாதம் எளியது. அங்கே வயல்கள் வளமானவை, பரப்பிலும் பெரியவை. வீடுகளும் பொதுக் கட்டடங்களும் ஆயத்தமாக நிற்கின்றன. வென்றெடுத்தவர்கள் நாம், அனுபவிப்பதற்கு என்ன தடை? 'இருப்போம்' கட்சியின் வாதமும் எளியதே. ஓர் ஊரில் வாழும்போதே இத்தனை பூசல். இரண்டு ஊர் ஆனால் என்னாகும்? வென்ற ஊரை விட்டுவிட்டு எவனாவது தோற்ற ஊரில் போய்க் குடியிருப்பானா?

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இரண்டு வாதங்களும் ஒன்றையொன்று மறுக்கவேயில்லை! வயல் வளமானது என்பதைச் செனட் மறுக்கவில்லை. இரண்டு ஊரானால் பூசல் பெருகும் என்பதைக் குடிகளும் மறுக்கவில்லை. ஒருவர் வயிற்றை எண்ணினார். மற்றவர் அரசை எண்ணினார். நிலம் இருந்தவனுக்கு ரோமின் பெருமை முதலில் தெரிந்தது. நிலம் இல்லாதவனுக்கு வேயியின் வயல் முதலில் தெரிந்தது. முரண்படும் கருத்துகளைக் கேட்கும்போது, யார் சொல்வது உண்மை என்று தேடுவதற்கு முன், யார் எதை அளக்கிறார் என்று பார்ப்பது நலம்.

கி.மு. 393இல் வழக்கு முற்றியது. சிசினியஸின் தீர்மானத்தைத் தடுத்துவந்த வர்ஜீனியஸ், பொம்போனியஸ் என்ற இரு டிரிப்யூன்களுக்கு மக்கள் தலா 10,000 செப்புக் காசுகள் தண்டம் விதித்தனர். செனட்டர்கள் தத்தம் வாக்குக் குழுவினரிடையே சென்று, கண்ணீர் மல்க மன்றாடினர். அன்று ரோமில் 21 வாக்குக் குழுக்கள் இருந்தன. தீர்மானத்தை எதிர்த்த குழுக்கள், ஆதரித்த குழுக்களைவிட ஒன்றே ஒன்று அதிகம்! அதாவது பதினொன்றுக்குப் பத்து.

வென்ற கையோடு செனட் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. வேயியின் நிலத்தில் ஆளுக்கு ஏழு யூகெரா, அதாவது நாலரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, எளிய குடிகளுக்குப் பகிர்ந்தளித்தது. குடும்பத் தலைவருக்கு மட்டுமன்றி, வீட்டிலுள்ள உரிமைக்குடிகள் ஒவ்வொருவரையும் கணக்கில் கொண்டு வழங்கியது. தோற்றவர் கருத்தில் இருந்த நியாயத்தை வென்றவர் எடுத்துக்கொண்டார். இடம்பெயராமலே வயல் கிடைத்தது. ஐயாண்டு வழக்கில் மிக நல்ல முடிவு எதுவென்று எம்மைக் கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மரபுக் கணக்கில் கி.மு. 390, ஜூலை 18. கிரேக்க ஆசிரியர்களின் கணக்கோடு ஒப்பிட்டு இதனைக் கி.மு. 387 என்பாரும் உளர். வடக்கிலிருந்து இறங்கிய கால்லியர் படை, அலியா ஆற்றங்கரையில் ரோமானியரைச் சிதறடித்தது. தப்பிய வீரர்களிற் பலர் ஓடி ஒளிந்த இடம் எது தெரியுமா? அதே வேயி! ரோம் சூறையாடப்பட்டது. கபிடோல் குன்று மட்டும் பிழைத்தது. எதிரிகள் அகன்றபின் மக்கள் திரும்பிவந்து பார்த்தபோது கண்டது இடிபாடுகளை. டிரிப்யூன்கள் பழைய கேள்வியை மீண்டும் எழுப்பினர். இங்கே சாம்பல், அங்கே கட்டிய வீடுகள், இனியுமா தயக்கம்?

நாடு கடத்தப்பட்டிருந்து மீண்ட கமில்லஸ் எழுந்து பேசினார். அவ்வுரையை நமக்குத் தருபவர் லிவி என்ற வரலாற்றாசிரியர். உரையின் முதற்பகுதி முழுவதும் தெய்வங்களைப் பற்றியது. வெஸ்டா தேவியின் அணையா நெருப்பை எங்கே கொண்டு செல்வீர்கள்? நகருக்கு வெளியே ஓரிரவும் தங்கலாகாது என்ற நோன்புடைய ஜூபிடரின் பூசாரியை என்ன செய்வீர்கள்? பிற்பகுதி உலகியல் பேசுகிறது. நலம்தரும் குன்றுகள், உள்நாட்டு விளைபொருளைக் கொணரும் ஆறு, பயன்கொள்ளும் அளவுக்கு அருகிலும் அயலார் கப்பற்படைக்கு அஞ்ச வேண்டாத அளவுக்குத் தொலைவிலும் உள்ள கடல். இத்தகைய இடம் வேறெங்கே கிடைக்கும்? நாளை வேயியிலும் தீப்பற்றினால் அடுத்த ஊர் தேடுவீர்களா?

அந்தக் கடைசிக் கேள்வி கூர்மையானது. இருக்கும் இடத்தின் துன்பம் அந்த இடத்திற்கே உரியதா, அல்லது நம்மோடு கூடவே வரக்கூடியதா? ஊர் மாற எண்ணும் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஆயினும் தெய்வ வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வேயி வீழ்ந்த அன்று, அவ்வூர்த் தெய்வமான ஜூனோவை ரோமுக்கு எழுந்தருளச் செய்தவர் இதே கமில்லஸ்தான். இளைஞன் ஒருவன் திருவுருவத்தை நோக்கி, ரோமுக்கு வர விருப்பமா என்று கேட்டானாம். உருவம் தலையசைத்தது என்று உடனிருந்தோர் கூவினராம். தேவியும் அவெண்டைன் குன்றில் சுகமாகக் குடியேறினாள். வேயியின் தெய்வம் ரோமுக்கு வரலாம். ரோமின் தெய்வம் வேயிக்குப் போகக்கூடாதா? எவரேனும் அன்று கேட்டார்களா என்பதை லிவி சொல்லவில்லை. நாம் கேட்கலாம்.

இத்தனை சொல்வன்மைக்குப் பிறகும் செனட்டின் மனம் முழுதாகத் தெளியவில்லை. அவை கூடியிருந்த வேளையில், காவல் முடிந்து திரும்பிய படைப்பிரிவு ஒன்று வெளியே திடலைக் கடந்தது. அதன் நூற்றுவர் தலைவன், கொடியை அங்கேயே நாட்டுமாறு கொடி தாங்கியிடம் உரக்கச் சொன்னான். தாங்கள் தங்குவதற்கு ஏற்ற இடம் அதுவே என்றும் சொன்னான். படையை நிறுத்த அவன் இட்ட வழக்கமான ஆணை அது. உள்ளே இருந்தோர் காதில் அது நற்சொல்லாக விழுந்தது! வெளியே ஓடிவந்து, நிமித்தத்தை ஏற்றோம் என்றனர். தீர்மானம் தள்ளுபடியானது. நம்மூரில் விரிச்சி கேட்டல் என்பார்களே, அதற்கு இணையான காட்சி. ஐந்தாறு ஆண்டு வாதத்தை முடித்துவைத்தது, வாதத்தையே அறியாத ஒருவனின் வாய்ச்சொல்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது இனிய கதை. ஆனால் விலை கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டாமா? நகரை அவசர அவசரமாகக் கட்டினார்கள். கூரை ஓடுகளை அரசு தந்தது. கல்லும் மரமும் எங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டுக்குள் கட்டிமுடிக்க வேண்டும். இதற்கு அஞ்சி வேயியின் காலி வீடுகளுக்குப் போனவர்கள், மரண தண்டனை என்ற மிரட்டலோடு திருப்பி அழைக்கப்பட்டனர். கட்டியவர்கள் கடனில் மூழ்கினர். அக்கடன் செல்வரைக்கூட வருத்தியது என்கிறார் லிவி.

கி.மு. 385இல், போர்ப்புகழ் பெற்ற நூற்றுவர் தலைவன் ஒருவனைக் கடனுக்காக இழுத்துச் சென்ற காட்சியை அவர் விவரிக்கிறார். இடிந்த தன் வீட்டை மீண்டும் எழுப்பியதும் அவன் கடனுக்கு ஒரு காரணம். கபிடோல் குன்றைக் காத்த மான்லியஸ் அவன் கடனைத் தீர்த்து, கடனாளிகளின் தலைவரானார். அடுத்த ஆண்டே அவர் குற்றவாளியாக்கப்பட்டு, டார்பியன் பாறையிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டார். கொடியை நாட்டச் சொன்னவனும் ஒரு நூற்றுவர் தலைவன்; கடனில் இழுபட்டவனும் ஒரு நூற்றுவர் தலைவன். 'இரு' என்று சொன்னோர் அவையில் இருந்தனர். இருந்ததற்கான வட்டியைக் கட்டியவர் தெருவில் இருந்தனர்.

இன்னொன்றையும் எடைபோட வேண்டும். இவற்றை எழுதிய லிவி, நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 360 ஆண்டுகள் பிற்பட்டவர். பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கமில்லஸின் உரை லிவி இயற்றியது என்பதே அறிஞர் கருத்து. அவர் எழுதிய காலமோ அகஸ்டஸ் காலம். ஜூலியஸ் சீசர் தலைநகரை அலெக்சாந்திரியாவுக்கோ டிராய்க்கோ மாற்றப் போகிறார் என்று பரவிய வதந்தி பலர் நினைவில் இருந்த காலம். ரோமை விட்டுப் போகாதே என்ற குரல் அவருடைய நூலில் அத்தனை கம்பீரமாக ஒலிப்பதில் வியப்பென்ன? நகரமே எரிந்தது என்பதற்கும் அகழாய்வு உறுதியான துணை தரவில்லை. கால்லியர் வைத்த தீயின் அடையாளம் என்று முன்னர்க் கருதப்பட்ட கருகிய மண்ணடுக்கு, கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பின்னர்க் கணிக்கப்பட்டது.

ஆக, 'இருப்போம்' என்ற கட்சியின் சொற்கள் அழகிய உரையாக நமக்கு வந்து சேர்ந்துள்ளன. 'போவோம்' என்ற கட்சியின் சொற்களோ எதிர்த்தரப்பின் வாய்வழியாகவே வந்துள்ளன. வேயிக்குப் போய்த் தளைத்திருந்தால் சிசினியஸுக்கும் ஒரு லிவி கிடைத்திருப்பார். கேட்கக் கிடைத்த கருத்துகளை மட்டும் நிறுத்துப் பயனில்லை. பதிவாகாத கருத்துக்கும் தராசில் ஓரிடம் விட்டுவைக்க வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? கி.மு. 387இல் வேயிப் பகுதியையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்த்து நான்கு புதிய வாக்குக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ரோமின் பக்கம் சேர்ந்த வேயி மக்களுக்குக் குடியுரிமையும் நிலமும் கிடைத்தன. கி.மு. 378இல் ரோமைச் சுற்றிப் பெருமதில் எழுப்பத் தொடங்கினர். சுமார் 11 கிலோமீட்டர் நீளம் கொண்ட அம்மதிலின் சில பகுதிகளை ரோமின் ரயில் நிலையத்தருகே இன்றும் காணலாம். அதற்கான மஞ்சள் நிறக் கல்லில் பெரும்பகுதி வெட்டியெடுக்கப்பட்ட கிரோட்டா ஒஸ்குரா, வேயியின் மண்ணில் உள்ளது. ரோம் வேயிக்குப் போகவில்லை. வேயியின் தெய்வமும் வயலும் மக்களும் கல்லும் ரோமுக்கு வந்தன.

எந்தக் கட்சி சொன்னது சரி? பின்னாளைய பேரரசைக் காட்டி, கமில்லஸே சரி என்று சொல்லிவிடுவது எளிது. கடனில் இழுபட்ட அந்த நூற்றுவர் தலைவனிடம் கேட்டால் வேறு விடை வரக்கூடும். இரண்டையும் கேட்ட பிறகு முடிவு செய்வதே தெரிந்து செய்தல்.