திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள் ஏன் வருவதில்லை?

1/
திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்குப் போயிருக்கீங்களா? வீட்ல 45 வயசைத் தாண்டினவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறி, உச்சி வெயிலில் ரெண்டு கழுகுகளுக்காகக் காத்திருந்த கதையைச் சொல்வாங்க.

2/
நானும் அப்படிக் காத்திருந்தவன்தான். குருக்கள் பாறை மேல் சர்க்கரைப் பொங்கல் வைப்பார். வட்டமிட்டு வந்து இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். காசியில் நீராடி ராமேஸ்வரம் போகும் முனிவர்கள் என்பது நம்பிக்கை. பறவையியலில் அதன் பெயர் மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு வகை. 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே 'கழுக்குன்றம்' என்ற பெயர் இருக்கிறது.

3/
தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வருகை நின்றுபோனது. "கலி முத்திப்போச்சு" என்றார்கள். ஆனால் அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள் செத்துக்கொண்டிருந்தன. ராஜஸ்தானின் பரத்பூரில் இதை முதலில் கவனித்துப் பதிவு செய்தவர் விபு பிரகாஷ். 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 காணாமல் போயின.

4/
என்ன நோய்? வைரஸா, பூச்சிமருந்தா, ஈயமா? எல்லாம் தேடினார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. அதாவது கிட்னி ஃபெயிலியர்.

5/
அப்படி இறந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25லும் ஒரே மருந்து. வேறு காரணத்தால் இறந்த 13ல் ஒன்றில்கூட அது இல்லை. 2004ல் முடிவு வெளியானது. மருந்தின் பெயர் டைக்ளோஃபெனாக்.

ஆமாங்க, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாங்க எழுதித் தர்ற அதே வலி மருந்துதான்!

6/
எப்படிப் போச்சு பறவை வயித்துக்குள்ள? மாட்டுக்கு வலி, காய்ச்சல் என்றால் இந்த ஊசி போடுவார்கள். விலை மலிவு. ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால், அந்த இறைச்சி வழியாகப் பாறுக்குப் போகும். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாகவே மருந்து இருந்தாலும் போதும், இனமே சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஏனென்றால் ஒரே சடலத்தைப் பெருங்கூட்டமாக வந்து தின்பவை அவை.

7/
"கழுகு போனா நமக்கென்ன டாக்டர்?"

பாறின் வயிற்று அமிலம் பல கிருமிகளைக் கொன்றுவிடும். அது இல்லாத ஊரில் செத்த மாடு அழுகி நீரைக் கெடுக்கும், தெருநாய் பெருகும், கூடவே ரேபிஸும் வரும். 2000 முதல் 2005 வரை பாறுகள் அழிந்ததால் இந்தியாவில் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது 2024ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு.

8/
2006ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பி மருந்து மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அதனால் 2015ல் ஊசி மருந்துக் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்குத் தடையாயின.

9/
கோயிலுக்கு வந்த அந்த ரெண்டு பறவைக்கும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கிடையாது. அதனால் இந்த மருந்துதான் கொன்றது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள்முகப் பாறுகளும் அதே ஆண்டுகளில்தான் நாடெங்கும் குறைந்தன.

10/
இன்றும் முதுமலைப் பக்கம், மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் கூடு கட்டுகின்றன. மசினகுடி போனால் வானத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்.

வீட்டில் மாடு இருக்கா? ஒரே ஒரு வேண்டுகோள். மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான வலி ஊசியை வாங்கி அதுக்குப் போடாதீங்க. கால்நடை மருத்துவரிடம் போய் "மெலாக்சிகம் போடலாமா?" என்று கேளுங்க. பாறுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து உறுதிசெய்த மருந்து அது.